டெங்குப் பரிசோதனை கிட்டுக்கு இருப்பு அளவை எப்படி நிர்ணயிப்பது?

தருமபுரியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கொள்முதலைக் கவனிக்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்து மாதிரிகளும் இங்கேதான் வருகின்றன. மாதாமாதம் மொத்தமாக வாங்குவதை விட்டு, ஆடியிலிருந்து செலவுக்கு ஏற்ப நிரப்பும் முறைக்கு மாறியிருக்கிறோம். இருப்பை சிவப்பு (அவசரக் கையிருப்பு), மஞ்சள், பச்சை (ஒவ்வொரு முறையும் வாங்கும் அளவு) என மூன்று அடுக்குகளாகப் பிரித்திருக்கிறோம். எல்லாம் எக்செல் தாளில்தான். தினசரிச் சராசரிச் செலவைச் சரக்கு வந்து சேரும் நாட்களால் பெருக்கினால் மஞ்சள் அடுக்கு.

குளுக்கோஸ், கிரியேட்டினினுக்கு இது அருமையாக நடக்கிறது. டெங்குக் கிருமியின் என்எஸ்1 புரதத்தை ரத்தத்தில் கண்டறியும் எலைசா கிட்டில்தான் மாட்டிக்கொண்டோம். மாதிரிகளை ஊற்றும் தட்டில் 96 குழிகள். நோயாளி மாதிரி ஐந்தே இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கன்ட்ரோலுக்கு (சோதனை சரியாக நடந்ததா எனப் பார்க்கும் மாதிரிகளுக்கு) சில குழிகள் போய்விடும். மழை பிடித்ததும் மாதிரிகள் குவிகின்றன. சென்னையிலிருந்து குளிர்பெட்டியில் சரக்கு வர நான்கு நாள், நடுவில் ஞாயிறு வந்தால் ஐந்து. அதற்குள் கிட் தீர்ந்து, காய்ச்சலில் துவண்ட குழந்தைகளின் முடிவு தள்ளிப்போகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. அதிகம் வாங்கி வைத்தாலோ, 2–8 டிகிரி குளிரில் இருந்தபடியே காலாவதியாகிவிடுகிறது.

நோயாளி எண்ணிக்கைக்குப் பதில் செலவான குழிகளைக் கணக்கில் எடுத்தோம், ஓரளவு சரியானது. சராசரியை 90 நாளிலிருந்து 30 நாளாகக் குறைத்தோம். இப்போது ஒரு மருத்துவ முகாம் நடந்தாலே அளவு எகிறுகிறது. அக்டோபரில் பருவக் காரணியாக (பருவத்துக்கு ஏற்பச் சராசரிச் செலவை உயர்த்தும் பெருக்கெண்) ஒன்றரை மடங்கு சேர்த்தும் போதவில்லை. கிட்டைப் பிரித்துத் தர விநியோகஸ்தர் மறுத்துவிட்டார்.

பரிசோதனைக் கூடங்களில் இம்முறையைப் பின்பற்றுவோர் சொல்லுங்கள்: பருவக் காரணியை எந்த அறிகுறியை வைத்து, எவ்வளவு முன்னதாக உயர்த்துகிறீர்கள்?