செக்‌ஷன் 8 வவுச்சர்: கைக்கு வந்தபின் எங்கே நழுவுகிறது?

வவுச்சர் வந்த அன்றே வீடு கிடைத்துவிட்டது போல அசந்துபோகிறார்கள். குறைந்த வருமானக்காரர்களின் வாடகையில் ஒரு பகுதியை அரசு கட்டும் அமெரிக்காவின் இந்த வாடகை வவுச்சருக்கு, வீடு தேடிப் பிடிக்க, ஆரம்ப ஆயுள் குறைந்தது 60 நாள்தான். மேற்கொண்டு நீட்டிப்பது வவுச்சரை நடத்தும் அந்தந்த ஊர் அரசு அலுவலகமான ஹவுசிங் அத்தாரிட்டியின் கையில். மாற்றுத்திறன் காரணமாக வீடு தேடத் தாமதமானால் அவகாசம் கொடுத்தே ஆக வேண்டும். அதை வாயால் கேட்காமல் எழுதிக் கேளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: வீட்டைப் பிடித்து, குடியிருப்பு ஒப்புதல் விண்ணப்பத்தை (52517 எண் படிவம்) கொடுத்த நாளிலிருந்து, சரி அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் வரும்வரை அந்த நாள் கணக்கு நின்றுவிடும். ஆகவே படிவத்தின் நகலில் தேதி முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

*

அந்தப் படிவத்தில் வாடகைத் தொகையைவிட ஆபத்தானது, மின்சாரம், கேஸ், தண்ணீர் யார் கட்டுவது என்ற கட்டம். ஓனர்கள் அதை அவசரத்தில் நிரப்புவார்கள். கணக்கு அங்கேதான் கவிழும்.

உதாரணமாக, கழிவுகள் போக மாத வருமானம் 1,500 டாலர். அதில் 30 சதவீதம், 450, உங்கள் பங்கு. உங்கள் வவுச்சருக்கு அந்த ஊர் அத்தாரிட்டி நிர்ணயித்த உச்சத் தொகை 1,600 என்று வைப்போம். ஓனர் கேட்கும் வாடகை 1,700. கரண்டும் கேஸும் உங்கள் தலையில், அதற்கு அத்தாரிட்டி போடும் மதிப்பு 150. மொத்தம் 1,850. உச்சத்தைத் தாண்டிய 250 உங்கள் பங்கில் சேர்ந்து 700 ஆகிறது. புது வீட்டுக்குப் போகும்போது மொத்தம் உச்சத்தைத் தாண்டினால் உங்கள் பங்கு வருமானத்தில் 40 சதவீதத்தை, அதாவது இங்கே 600-ஐ, மிஞ்சக் கூடாது. வீடு ரத்து. ஓனர் 1,600-க்கு இறங்கினால் சரியாக 600-இல் நிற்கும், தேறிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு பேரம் பேசப் போங்கள்; வீடு பிடித்தபின் அத்தாரிட்டி அலுவலர் சொல்லித் தெரிந்துகொள்வதில் நாள்தான் வீணாகும்.

இரண்டு பெட்ரூம் வவுச்சரோடு ஒரு பெட்ரூம் வீடு எடுத்தால் ஒரு பெட்ரூமுக்கான உச்சம்தான் கிடைக்கும். மூன்று எடுத்தாலும் இரண்டுக்கு மேல் வராது.

*

மேலே சொன்ன கணக்கில் தேறிய வீடுகள் அத்தாரிட்டி நடத்தும் இன்ஸ்பெக்‌ஷனில் விழுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். வேடிக்கை என்னவென்றால், பெரிய பழுதால் விழுவது குறைவு. ஸ்மோக் அலாரத்தில் பேட்டரி இல்லை. தரைத்தள ஜன்னலுக்குப் பூட்டு இல்லை. சுவிட்ச் பெட்டியின் மூடி உடைந்திருக்கிறது. வாட்டர் ஹீட்டரின் பிரஷர் வால்விலிருந்து கீழே இறங்க வேண்டிய குழாய் இல்லை. பத்து இருபது டாலர் சமாச்சாரங்கள். ஆனால் மறு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தால், ஓனர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார். முதல் நாளே ஓனரோடு ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, கரண்டும் கேஸும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். காலி வீடென்று இணைப்பைத் துண்டித்திருந்தால் அடுப்பையும் ஹீட்டரையும் எப்படிச் சோதிப்பார்கள்? 1978-க்கு முன் கட்டிய வீடு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் உரிந்த பெயின்ட் ஒவ்வொன்றையும் பார்ப்பார்கள், காரணம் பழைய பெயின்டில் இருக்கும் ஈயம்.

வீடு தேறும் முன்பே சாமான் இறக்காதீர்கள். தேறாத நாட்களுக்குப் பொதுவாக அத்தாரிட்டி பணம் தராது, முழு வாடகையும் உங்களுடையது.

*

"படிவத்தில் 1,600 போடுவோம், தனியாக 100 கையில் கொடுத்துவிடு" என்று கேட்கும் ஓனரிடமிருந்து அன்றே விலகுங்கள். ஒப்பந்தத்துக்கு வெளியே வாங்கும் வாடகை சட்டவிரோதம். தெரியவந்தால் வவுச்சரே பறிபோகலாம். அட்வான்ஸ் வேறு விஷயம். அதை வவுச்சர் பொதுவாகத் தராது, உங்கள் கைப்பணம்தான்.

வவுச்சர் என்றாலே முடியாது என்று சொல்லும் ஓனரைத் தடுக்க நாடு முழுவதற்குமான கூட்டாட்சிச் சட்டம் இல்லை. கலிஃபோர்னியா, நியூஜெர்சி, மாசசூசெட்ஸ் மாநிலங்களில் அப்படி மறுப்பது சட்டவிரோதம். கலிஃபோர்னியாவில் இது 2020 ஜனவரி முதல்.

*

நம்மவர்கள் அடிக்கடி கேட்பது: மகன் வீட்டு மாடியை அப்பா, அம்மா வவுச்சரில் எடுக்கலாமா? முடியாது. பெற்றோர், பிள்ளை, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, உடன்பிறந்தோர் வீட்டுக்கு அனுமதி இல்லை. மாற்றுத்திறனாளிக்கு அந்த வீடுதான் பொருந்தும் என்று காட்டினால் மட்டும் விலக்கு உண்டு. சித்தப்பா, மாமா அந்தப் பட்டியலில் இல்லை.

எச்1பி விசாக்காரர்களுக்கு இது கிடையாது. கிரீன் கார்டு உள்ளவர்களும் புகலிடம் பெற்றவர்களும் தகுதி உள்ளவர்கள். ஒரே குடும்பத்தில் சிலருக்கு மட்டும் தகுதி இருந்தால் அந்த விகிதத்தில் உதவி குறையும், முழுதாக நிற்காது.

வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கும்போதே முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள். பழைய வீட்டுக்குப் போன கடிதத்துக்குப் பதில் வராததால் பெயர் நீக்கப்படுவது அங்கே சர்வசாதாரணம்.