மொட்டை மாடிக்கு கரி கிரில்லா, கேஸ் கிரில்லா?

மாடிவீடு:
மதுரையில் சொந்த வீடு, மேலே திறந்த மொட்டை மாடி. மாதத்துக்கு ஒரு ஞாயிறாவது கோழி, மீன் சுட்டுச் சாப்பிட ஆசை. மூடி போட்ட உருண்டைக் கரி கிரில் ஒன்றும், மூன்று பர்னர் கேஸ் கிரில் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். கேஸ் விலை பல மடங்கு. வீட்டம்மா புகையே வேண்டாம் என்கிறார். வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

கங்கு:
கரிதான், தயங்காதீங்க. உங்களுக்குப் பக்கத்திலேயே ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டு, அதாவது அடுக்கி மண்ணால் மூடி உள்ளே புகையவிட்டு, கரியாக்குகிறார்கள். கெட்டி மரம், கங்கு நின்று எரியும். பளபளப்பான பையில் விற்கும் கரிக்கட்டிகளைத் தேடி அலைய வேண்டாம், மூட்டைக் கரியே போதும். புகை வருவது பற்றவைக்கும் நேரத்தில்தான். மேலே வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகு கறியை வையுங்கள், வீட்டம்மாவும் மாடியில் உட்கார்ந்து பேசலாம். ஒன்று மட்டும்: மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்காதீர்கள். அந்த வாடை மீனில் ஏறினால் போகாது. தேங்காய் நாரும் நாலு கொட்டாங்குச்சியும் போதும்.

நீலச்சுடர்:
கங்கு அண்ணே, கரி வாசம் கரி வாசம் என்று எல்லோரும் சொல்கிறோம். மரத்தில் மணம் தரும் சரக்கெல்லாம் மூட்டத்திலேயே போய்விடுகிறது. நன்றாக வெந்த கரியில் மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன்தான். சுட்ட கோழியின் மணம், அதன் கொழுப்பும் மசாலாவும் சூட்டில் சொட்டிப் புகையாகி மேலே ஏறுவதால் வருவது. கேஸ் கிரில்லில் பர்னருக்கு மேலே இருக்கும் இரும்புத் தகட்டில் சொட்டினாலும் அதே புகைதான்.

நேரத்தையும் பாருங்கள். கரி பதத்துக்கு வர அரை மணி நேரம், முடிந்தபின் சாம்பல் அள்ளுவது தனி வேலை. கேஸில் குமிழைத் திருகினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கம்பி காய்ந்துவிடும். வேலை முடிந்து வந்த இரவில்கூட நாலு துண்டு மீன் சுடலாம். கரி வாங்கிய நிறைய பேர் வீட்டில் அது படிக்கட்டுக்குக் கீழே துருப்பிடித்துக் கிடக்கிறது.

கங்கு:
மணத்தில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி தம்பி. மொறுமொறுப்புக்கு என்ன சொல்வீர்கள்? கேஸ் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. 1 கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி. கரியில் ஹைட்ரஜன் சொற்பம், அதனால் அது வறண்ட சூடு. சிவந்த கங்கிலிருந்து நேராக அடிக்கும் அனலில் சங்கரா மீனின் தோல் வெடித்து முறுகுவதை இந்த விலைக் கேஸ் கிரில்லில் நான் பார்த்ததில்லை. மாதம் ஒரு ஞாயிறு என்று கேட்கிறவருக்கு அரை மணி நேரம் ஒரு பொருட்டா? பிள்ளைகள் விசிறியோடு சுற்றி நிற்பதும் அந்த ஞாயிற்றில் சேர்ந்ததுதானே.

நீலச்சுடர்:
நீராவி மேலே தேங்கி நிற்காது, கேஸ் கிரில் மூடியின் பின்பக்கம் அதற்கென்றே திறப்பு விட்டிருப்பார்கள். நன்றாகக் காய்ந்த வார்ப்பிரும்புக் கம்பியில் துடைத்த மீனை வையுங்கள், தோல் முறுகும். எங்கள் தெரு இஸ்திரிக்காரர்கூடக் கரிப்பெட்டியை விட்டு கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டார். நாள் முழுக்கக் கங்கோடு நின்றவர், இப்போது மூச்சு லேசாக இருக்கிறது என்கிறார். அதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

ரெகுலேட்டர்:
ருசியை நீங்கள் பேசுங்கள், நான் சிலிண்டரைப் பற்றிச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் கிரில்லின் இணைப்பு நம் வீட்டுச் சிலிண்டர் வால்வில் பொருந்தாது. வாங்கும் முன் இந்திய ரெகுலேட்டருக்கு ஏற்றதா என்று கேளுங்கள். கம்பி வலை வைத்த ஆரஞ்சு ட்யூப் மட்டும் போடுங்கள், அதிலும் அச்சிட்ட காலக்கெடு உண்டு. மூன்று பர்னரையும் முழுத் தீயில் விட்டால் மணிக்கு முக்கால் கிலோ வரை குடிக்கும். சமையலறையின் 14.2 கிலோ சிலிண்டரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு அலைவீர்களா? 5 கிலோ சிலிண்டர் தனியாக வாங்குங்கள். கேஸ் கசிந்தால் 1906 என்ற அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

கரிக்காரர்களுக்கும் ஒன்று. மழை வந்தால் கிரில்லை மாடி அறைக்குள் இழுத்துவிடாதீர்கள். கங்கு தரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2024-ல் கொடைக்கானலில் சமைத்து முடித்த கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்லை.

மாடிவீடு:
அந்த எச்சரிக்கைக்கு நன்றி சார், வீட்டில் படித்துக் காட்டினேன். மாதம் ஒரு முறைதான் என்பதால் கரிப் பக்கம் சாய்கிறேன். பாதி எரிந்த கரியை என்ன செய்வது?

கங்கு:
தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் தகரம் நெளியும், சாம்பல் சேறாகும். மூடியைப் போட்டு மேலும் கீழும் இருக்கும் காற்றுத் துளைகளை முழுக்க அடைத்துவிடுங்கள். காற்றில்லாமல் தானே அணையும். மறுநாள் சாம்பலை உதறினால் மிஞ்சிய கரி அடுத்த முறைக்கு ஆகும், அது சீக்கிரமும் பற்றும்.

நீலச்சுடர்:
கரியே வாங்குங்கள் சார், ஆனால் ஓரமாகக் குவிக்க இடமிருக்கும் அகலமான கிரில்லாகப் பாருங்கள். கங்கை ஒரு பக்கம் தள்ளி, கோழித் தொடையை மறுபக்கம் வைத்து மூடி வேகவிட்டு, கடைசியில் மட்டும் கங்குக்கு மேல் கொண்டுவாருங்கள். நேராகத் தீயில் வைத்தால் வெளியே கருகி எலும்போரம் பச்சையாக நிற்கும். கேஸில் ஒரு பர்னரை அணைத்துவிட்டு இதைச் செய்வது இன்னும் சுலபம் என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.