எத்தனாலும் நீரும் கலந்தால் கனஅளவு ஏன் குறைகிறது?

கேள்வி:
50 மில்லிலிட்டர் தூய எத்தனாலுடன் 50 மில்லிலிட்டர் வாலைவடிநீரை அளவு உருளையில் சேர்த்தபோது, ஒரு துளியும் சிந்தாமலே மட்டம் 97-க்கு அருகில் நின்றது. செறிவைக் கணக்கிட எந்தக் கனஅளவை எடுத்துக்கொள்ள வேண்டும்?

பதில் 1:
கலக்கும்போது நிறை மாறாது, கனஅளவுதான் மாறும். 20 டிகிரி செல்சியஸில் எத்தனால் 50 × 0.789 = 39.45 கிராம், நீர் 50 × 0.998 = 49.9 கிராம், மொத்தம் 89.35 கிராம். இக்கலவையின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 0.927 கிராம் என்பதால், வகுத்தால் சுமார் 96.4 மில்லிலிட்டர் கிடைக்கும். மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஈர்க்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் மாறியமைந்து, மூலக்கூறுகள் நெருங்குவதே காரணம். கணக்கில் இறுதிக் கனஅளவையே எடுங்கள்.

பதில் 2:
கலக்கும்போது வெப்பமும் வெளிப்படும். கலவை ஆறுவதற்கு முன் பார்த்தால் அளவு சற்றுக் கூடுதலாகத் தெரியும். தங்களுக்கு 97 கிடைத்ததற்கு அதுவும் காரணமாகலாம்.

பதில் 3:
இறுதிக் கனஅளவே கணக்கில் வரும் என்பதால்தான் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) ஆக்சாலிக் அமிலக் கரைசலுக்கு, 3.15 கிராம் நீரேறிய படிகத்தை 250 மில்லிலிட்டர் நீரில் போடாமல், திட்டக் குடுவையில் (250 மில்லிலிட்டருக்குக் கோடிட்ட குடுவை) சிறிது நீரில் கரைத்து, பிறகு கோடுவரை நீர் நிரப்புகிறோம். கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து வளைமட்டத்தின் (வளைந்த நீர்ப்பரப்பின்) அடிப்பகுதியைப் பாருங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற அடர்நிறக் கரைசல்களுக்கு மட்டும் மேல்விளிம்பைப் பார்ப்பது வழக்கம்.