மறு: [கலைச்சொல்] டிஃப்: வேறுபாடா, பாடபேதமா, திரிபா?

அனைவருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை வகுப்பு. யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பையும் (1975) ஏழாம் பதிப்பையும் (1979) ஒப்பிட்டு மாணவர்களுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'பதிப்பு' சரியா என்று யாரும் தொடங்க வேண்டாம். அங்கே எண் போட்டதே கையேட்டின் பதிப்பை வைத்துத்தான். சிக்கல் 'டிஃப்' என்ற கட்டளை. இரண்டு கோப்புகளை வரிவரியாக ஒப்பிட்டு அது ஒரு பட்டியல் தருகிறதே, அதற்கு என்ன பெயர்? இதுவரை 'வேறுபாடு' என்றே எழுதிவந்தேன். நேற்று "இவ்விரு வேறுபாடுகளுக்கும் உள்ள வேறுபாடு" என்று ஒரு வாக்கியம் வந்து நின்றது. காப்பாற்றுங்கள்.

* * *

அம்மா,

சொல் ஏற்கெனவே இருக்கிறது: பாடபேதம். ஒரே நூலின் பல ஏடுகளை வைத்துக்கொண்டு எதில் எந்தச் சொல் என்று குறிப்பது. உ.வே.சா. பதிப்புகளின் அடிக்குறிப்புகளைப் பாருங்கள், அத்தனையும் டிஃப்தான். கணினி வந்துதான் இதைக் கண்டுபிடித்ததா என்ன?

* * *

> சொல் ஏற்கெனவே இருக்கிறது: பாடபேதம்

ஐயா, பேதம் வடசொல். கடைசி வரிசைப் பையன்கள் அதைப் பேதி ஆக்கிவிடுவார்கள் என்பது வேறு. 'வேற்றுமை' என்ன பாவம் செய்தது?

* * *

வேற்றுமையை இலக்கணம் எட்டாகப் பிரித்துக் குத்தகைக்கு எடுத்து நெடுங்காலம் ஆகிறது. "மூன்றாம் வேற்றுமையைப் பார்" என்றால் மாணவன் 'ஆல், ஆன், ஒடு, ஓடு' என்று ஒப்பிப்பான்.

* * *

இலக்கணம் என்றதும் ஒன்று தோன்றியது, கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். டிஃப் விடையில் இரண்டு எண்களுக்கு நடுவே ஓர் எழுத்து வரும். ஏ என்றால் சேர்ந்தது, சி என்றால் மாறியது, டி என்றால் போனது. நன்னூலார் புணர்ச்சி விகாரத்தை எத்தனையாகப் பிரித்தார்? தோன்றல், திரிதல், கெடுதல். மூன்றே மூன்று!

அம்மாவின் பாடத்திலேயே மூன்றும் இருக்கின்றன. ஏழாம் பதிப்பில் ஆக், மேக், டார் என்ற கட்டளைகள் வந்தன: தோன்றல். ஆறில் தனிக் கட்டளையாக இருந்த கோட்டூ, ஏழில் கட்டளைகளை வாங்கி இயக்கும் பார்ன் ஷெல் வந்ததும் காணாமல் போனது: கெடுதல். திரிதலுக்கு இதோ, அடைவு மாற்றும் கட்டளை:

3சி3
< சிஎச்டிஐஆர் /யுஎஸ்ஆர்
---
> சிடி /யுஎஸ்ஆர்

இரு கோப்பும் ஒன்றாக இருந்தால் டிஃப் வாயே திறக்காது. அது இயல்பு புணர்ச்சி. ஆகவே மொத்தப் பட்டியலுக்கும் 'விகாரம்' என்று வைத்துவிடலாம்.

* * *

> 'விகாரம்' என்று வைத்துவிடலாம்

மூன்று பெயர்களும் அருமை, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் "உன் நிரலின் விகாரத்தை எனக்கு அனுப்பு" என்று ஒரு மாணவியிடம் எப்படிச் சொல்வது?

* * *

அதுவும் வடசொல்தானே! 'திரிபு' இருக்கும்போது ஏன்? திரி என்றால் முறுக்கு. முறுக்கியதால் விளக்குத்திரி. நிலை மாறியதால் பால் திரிந்தது. ஓரிடத்தில் நில்லாததால் ஊர் ஊராகத் திரிந்தான். இயற்சொல்லுக்கு அடுத்து வைக்கப்பட்ட திரிசொல்லும்...

* * *

ஐயா, இந்தத் திரியே திரிந்துகொண்டிருக்கிறது. 'வரலாற்றுத் திரிபு' என்று நாளிதழில் தினமும் வருகிறது. இன்றைக்குத் திரிபு என்றால் வேண்டுமென்றே புரட்டுவது. தவிர, மூன்றில் ஒன்றின் பெயரையே மூன்றுக்கும் வைத்தால் மற்ற இரண்டும் எங்கே போகும்?

என் பங்குக்கு: 'பழையன கழிதலும் புதியன புகுதலும்.' இடக்குறி போட்ட வரிகள் கழிவன, வலக்குறி போட்டவை புகுவன. சேர்த்து 'கழிபுகு'.

* * *

கழிபுகு! கழிவுநீர் புகுந்தது மாதிரி இருக்கிறது. அந்த நூற்பா 'வழுவல' என்று தொடர்கிறதே, கவனித்தீர்களா? வழு என்றுதானே பிழைக்குப் பெயர் வைத்திருக்கிறோம். ஒரு வரி மாற்றி வழுவல என்று உறுதி சொல்லும் நிரலரை நான் இன்னும் பார்க்கவில்லை.

* * *

அனைவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன்: 'வேறுபாடு' போதும் என்று ஆறு பேர், அதில் மூவர் "ஏதாவது ஒன்று வையுங்கள்" என்ற அளவில். குறிப்பில் 'வேறுபாட்டுப் பட்டியல்' என்று போட்டுவிட்டேன், உள்ளே தோன்றல், திரிதல், கெடுதல். 'கெடுதல்' என்றால் தீங்கு என்று நினைத்துவிடக் கூடாதே என்று பக்கத்திலேயே 'நீங்கியது' என்றும் எழுதிவிட்டேன்.

அப்புறம், நான்காம் பக்கத்தில் 'பேட்ச்' வருகிறது, இந்தப் பட்டியலை வைத்துப் பழைய கோப்பைப் புதியதாக்குவது.

* * *

'ஒட்டு.' ஆனால் நிலைமொழியா வருமொழியா, எதனோடு ஒட்டுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

பாடபேதம்தான் சரி.