காய்ந்த லிட்மஸும் சிவக்கிறதே, ஏன்?

நாகை டீச்சர்:
சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சாப்பாட்டு உப்பில் அடர் கந்தக அமிலம் விட்டு, வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் காய்ந்த நீல லிட்மஸிலும் ஈர லிட்மஸிலும் காட்டும் சோதனை. தண்ணீர் இருந்தால்தான் அது அமிலமாக வேலை செய்யும் என்று காட்ட, காய்ந்தது நீலமாகவே இருக்கணும், ஈரமானது மட்டும் சிவக்கணும். ஐப்பசி மழையில் செய்தேன், இரண்டும் சிவந்துவிட்டது. "புக்குல தப்பா மிஸ்?" என்கிறார்கள் பிள்ளைகள்.

பழைய லேப் ஆள்:
புக்கு சரிதான் டீச்சர், உங்க ஊர்க் காற்றுதான் ஈரம். அந்தச் சோதனையிலேயே ஆசிரியருக்கு ஒரு குறிப்பு இருக்கும், யாரும் படிக்கிறதில்லை: ஈரமான ஊரில் வாயுவைக் கால்சியம் குளோரைடு குழாய் வழியா விடணும். உப்பும் மழைக்காலத்தில் தண்ணி இழுத்திருக்கும். வறுத்து, மூடி ஆறவைங்க. லிட்மஸை இடுக்கியால் பிடிங்க, விரல் வேர்வையே போதும் கெடுக்க.

இன்னொண்ணு. குழாய் வாயில் வெண்புகை வருதா பாருங்க. ஹைட்ரஜன் குளோரைடுக்கு நிறமே கிடையாது. புகை தெரிஞ்சா அது காற்றின் ஈரத்தில் கரைஞ்ச அமிலத் துளி. அதில் தாளை நீட்டினா சிவக்காம என்ன செய்யும்?

லிட்மஸைச் சிவக்க வைக்கிறது அமிலத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனிதான். தண்ணி இல்லாம, தனி வாயு மூலக்கூறிலிருந்து அதைப் பிய்க்க மோலுக்குச் சுமார் 1,395 கிலோஜூல் வேணும். தண்ணீர் அந்த அயனியை வாங்கி ஹைட்ரோனியமாக்கி, குளோரைடையும் சூழ்ந்துகொள்வதில்தான் அந்தச் செலவு ஈடாகுது.

டேங்கர் ஷிப்ட்:
எங்க ஆலைக்கு 98% கந்தக அமிலம் மைல்ட் ஸ்டீல் டேங்கரில்தான் வருது. தண்ணி கலந்தா அதே டேங்கரை அரிச்சுடும். இதுவும் அதே கதையா சார்?

பழைய லேப் ஆள்:
பாதிதான். அடர் அமிலத்தில் அயனியை வாங்கிக்கத் தண்ணி பத்தாது, அது உண்மை. ஆனா டேங்கரைக் காப்பாத்துறது உட்சுவரில் படியும் இரும்பு சல்பேட் படலம். தண்ணி சேர்ந்தா படலம் கரையும், ஹைட்ரஜன் கிளம்பும். வகுப்பில் ரெண்டையும் ஒண்ணாக்கிச் சொல்ல வேண்டாம்.

நாகை டீச்சர்:
எங்க லேப் கால்சியம் குளோரைடு பாட்டிலுக்குள்ளேயே கரைஞ்சு தண்ணியா நிக்குது. வேறு வழி?

பழைய லேப் ஆள்:
எலுமிச்சை உப்பையும் (சிட்ரிக் அமிலம்) ஆப்ப சோடாவையும் காய்ந்த தட்டில் கலந்து வைங்க, சும்மா கிடக்கும். ஒரு சொட்டுத் தண்ணி விட்டதும் நுரைக்கும். கந்தக அமிலமும் வேண்டாம், வகுப்பு முழுக்க இருமலும் வேண்டாம். மழை நாளில் மட்டும் கலந்த உடனே காட்டிடுங்க.