இங்கிலாந்தில் ஜூரி டியூட்டி (கோர்ட்டில் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் 12 பொதுமக்களில் ஒருவராக உட்காருவது) போனவர்கள், உங்கள் அனுபவம் எப்படி?

ஹாரோவாசி:
எனக்கு இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான், நம்மையெல்லாம் கூப்பிட மாட்டார்கள் என்றிருந்தேன். காமன்வெல்த் குடிமகன், வாக்காளர் பட்டியலில் பெயர், 5 வருடம் இங்கே குடியிருந்தாயிற்று, அது போதுமாம். அதை விடுங்கள். 15 பேரைக் கூட்டிப்போய் 12 பேரைச் சீட்டெடுத்தார்கள். யாரையாவது வேண்டாமென்றால் உறுதிமொழிக்கு முன்னால் சொல்லலாம் என்று கிளார்க் கூண்டில் நின்ற பையனிடம் சொன்னார். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றுவிட்டான். கையில் கீதை, எதிரே வாசிக்க வேண்டிய அட்டை, எனக்கு வாய் உலர்ந்துபோனது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் அப்படிப் பார்த்தான் என்றுதான் இன்னும் புரியவில்லை.

மினிகேப்_அண்ணன்:
நீங்கள் கூண்டையாவது பார்த்தீர்கள். நான் காத்திருக்கும் அறையிலேயே கிடந்தேன். ஒருவழியாக என் பெயரைக் கூப்பிட்டு, கதவு வரைக்கும் போன பிறகு, ஆள் குற்றத்தை ஒப்புக்கொண்டாராம், திரும்பிப் போய் உட்காருங்கள் என்றார்கள். முதல் 10 நாளுக்கு ஒரு நாள் வருமான இழப்புக்கு உச்சம் 64.95 பவுண்டு. அது வண்டி வாடகைக்கே காணாது. அடுத்த முறை இங்கிலீஷ் தெரியாது என்று எழுதிவிடப் போகிறேன்.

குரோய்டன்_அக்கா:
தம்பி, அந்த வேலை வேண்டாம். பொய் சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் அதற்கே 1,000 பவுண்டு வரை அபராதம். நிஜமாகவே ஆங்கிலம் போதாதவர்களை நீதிபதியே அனுப்பிவிடுவார். என் கதை சின்னது, இரண்டு வாரம் போனேன், ஒரு திருட்டு வழக்கு, முடிந்தது. ஆனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கடிதம் வந்து 7 நாளுக்குள் பதில் போடுங்கள். பரீட்சை, ஆபரேஷன், முன்பே டிக்கெட் போட்ட ஊர்ப்பயணம் என்றால் தள்ளிவைக்கக் கேட்கலாம், ஆனால் ஒரே ஒரு முறைதான், அதுவும் 12 மாதத்துக்குள். சுயதொழில் என்றால் வருமானத்துக்கான காகிதங்களை எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் அந்த 64.95-உம் கிடைக்காது. சாப்பாட்டுக்குத் தருவது 5.71, அதனால் டப்பா கட்டிக்கொண்டு போங்கள், வாசல் செக்யூரிட்டியில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்வார்கள், கோபப்படாதீர்கள். காத்திருக்கும்போது படிக்கத் தடிமனான புத்தகம் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வீட்டுக்கு வந்து குற்றம்சாட்டப்பட்ட ஆளின் பெயரை கூகுளில் தேடவே தேடாதீர்கள். அது குற்றம், 2 வருடம் வரை சிறை.

லூட்டன்காரன்:
அக்கா ஒரு புத்தகமே எழுதிவிட்டார். எங்கள் வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பு, 10-க்கு 2. உள்ளே ஒரு அம்மா முதல் நாளிலிருந்தே

குரோய்டன்_அக்கா:
நிறுத்துங்கள்! ஜூரி அறைக்குள் யார் என்ன சொன்னார்கள் என்பதை வழக்கு முடிந்த பிறகும் வெளியே சொல்லக்கூடாது.

லூட்டன்காரன்:
சரி, அந்த அம்மாவை விடுகிறேன். கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லலாம் அல்லவா? குற்றவாளி என்றால்தான் எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள் என்று கேட்பார்கள், விடுதலை என்றால் அந்தக் கணக்கே கேட்பதில்லை. எங்கள் ஃபோர்மேன், அதாவது ஜூரி சார்பில் பேசுகிறவர், 10-க்கு 2 என்றதும், கூண்டில் இருந்தவர் எங்கள் வரிசையை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். அந்த இரண்டு பேர் யார் என்று தேடினார் போல.

ஹாரோவாசி:
உங்களைப் பார்த்து நின்றாரா?

லூட்டன்காரன்:
இல்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். ஆள் தப்பு.