டாம்பாவா, ஜாக்சன்வில்லா? அப்பா அம்மாவைக் கப்பல்ல கூட்டிட்டுப் போக நினைக்கிற வேலூர்ப் பிள்ளைங்களுக்கு

நேத்து சாயங்காலம் எதிர்வீட்டு அண்ணன் செல்போனைக் கையில வெச்சுக்கிட்டு எங்க திண்ணைக்கு வந்தாரு. அவர் மகனும் மருமகளும் ஆறு மாசம் முன்னாடிதான் அட்லாண்டா பக்கம் ஆல்ஃபரெட்டாவுல குடியேறினாங்க. வர்ற பிப்ரவரியில அண்ணனும் அண்ணியும் அங்க போறாங்க. மகன் ரெண்டு உல்லாசக் கப்பல் படத்தை அனுப்பி, எதுல போகலாம்னு கேட்டிருக்கான்.

"இன்னாம்மா இது, ரெண்டும் ஒரே மாதிரி கீது. ஒண்ணு அறுபது டாலர் கம்மின்றான். கம்மியா கீறதுல போயிட்லாமா?"

நான் 2009-லேர்ந்து 2023 வரைக்கும் அட்லாண்டாவுல இருந்தவ. இப்ப அம்மாவைப் பாத்துக்கிட்டு சத்துவாச்சாரியிலயே இருக்கேன். அந்த ரெண்டு கப்பல்லயும் போயிருக்கேன். காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டைன்னு நம்ம பக்கத்துப் பிள்ளைங்க இதே கேள்வியைக் கேக்கறது இது நாலாவது தடவை. அதனால விவரமா எழுதிடறேன்.

ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஃபுளோரிடாவுல டாம்பாவுலேர்ந்து கிளம்பற கார்னிவல் பாரடைஸ், அதே ஃபுளோரிடாவுல ஜாக்சன்வில்லேர்ந்து கிளம்பற கார்னிவல் எலேஷன், ரெண்டும் கார்னிவல் கம்பெனியோட கூடப் பொறந்த கப்பல்ங்க. பின்லாந்துல ஹெல்சிங்கி தளத்துல கட்டி, 1998-ல ஓட ஆரம்பிச்சது. ஒவ்வொண்ணும் சுமார் 70,000 டன், 260 மீட்டர் நீளம். காட்பாடி பிளாட்பாரத்துல 11 பெட்டி நின்னா எவ்வளவு தூரமோ அவ்வளவு. அறைக்கு ரெண்டு பேர்னு கணக்கு போட்டா 2,000 பேருக்குக் கொஞ்சம் மேல. அந்த வரிசையில மொத்தம் எட்டு கப்பல், மிச்சம் ஆறும் உடைக்கப் போயிடுச்சு. வெளிநாட்டுப் படத்துல வர்ற மாதிரி பளபளப்பு எல்லாம் எதிர்பாக்காதீங்க. சுத்தமான அறை, நல்ல சாப்பாடு, மரியாதையா பேசற ஆளுங்க, அது கிடைக்கும்.

ஆக, தம்பி, நீங்க கப்பலைத் தேர்ந்தெடுக்கல. துறைமுகத்தையும், அதுக்கு அந்தப் பக்கம் இருக்கற கடலையும் நாட்டையும் தேர்ந்தெடுக்கறீங்க. அறுபது டாலர் அதுல கடைசியில வர்ற விஷயம்.

முதல்ல பேப்பர். அட்லாண்டாவுல இருந்தப்ப எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம், நம்ம ஆம்பூர்க்காரங்க, டிக்கெட் போட்டுக் குடுத்த ஏஜென்ட்கிட்ட போன்ல கேட்டாங்க. "பிறப்புச் சான்றிதழ் போதும், பாஸ்போர்ட் வேண்டாம்"னு சொல்லிட்டான். அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் உள்ள சலுகை, கிளம்பின துறைமுகத்துக்கே திரும்பி வர்ற கப்பலுக்கு. அங்க பொறந்த குழந்தைக்குப் பொருந்தும். நமக்குப் பொருந்தாது. ஆம்பூர் நகராட்சி சான்றிதழைக் கையில வெச்சுக்கிட்டு கவுன்ட்டர்ல நின்னு, கப்பல் ஏற முடியாம, ஆறு மணி நேரம் கார் ஓட்டித் திரும்பினாங்க. பணமும் போச்சு. இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்கற எல்லாருக்கும் பாஸ்போர்ட்டும், விசாவோ கிரீன் கார்டோ, கையில இருந்தாகணும்.

டாம்பா கப்பல் பெரும்பாலும் மெக்சிகோவுல கோசுமெல் தீவுக்குப் போகும். செல்லுபடியாகற அமெரிக்க விசா பாஸ்போர்ட்ல இருந்தா மெக்சிகோ தனி விசா கேக்காது. எச்-1பி வேலை விசாவுல இருக்கற மகனுக்கும் சரி, பி-2 சுற்றுலா விசாவுல வர்ற அப்பா அம்மாவுக்கும் சரி. ஜாக்சன்வில் கப்பல் பஹாமாஸ் பக்கம் போகும். அங்க உங்க விசா வகைக்கு என்ன பேப்பர் வேணும்னு கப்பல் கம்பெனிகிட்ட மின்னஞ்சல்ல கேட்டு, பதிலைப் பிரிண்ட் எடுத்து வெச்சுக்கோங்க. போன்ல சொன்னதை நம்பிக் கிளம்பாதீங்க.

பாஸ்போர்ட்ல இருக்கற விசா ஸ்டாம்ப் காலாவதி ஆயிடுச்சு, ஆனா ஐ-94 (எந்தத் தேதி வரைக்கும் அமெரிக்காவுல தங்கலாம்னு சொல்ற பதிவு) தேதி இன்னும் இருக்கு, போகலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஆட்டோமேட்டிக் விசா ரீவேலிடேஷன்னு ஒரு விதி இருக்கு. 30 நாளுக்குள்ள திரும்பற பயணம்னா பழைய ஸ்டாம்ப்லயே உள்ள விடுவாங்க. ஆனா எச்-1பி-க்கு அது கனடா, மெக்சிகோ ரெண்டுக்கு மட்டும்தான். எஃப்-1 படிப்பு விசா, ஜே-1 பரிமாற்ற விசாவுல இருக்கற பிள்ளைங்களுக்குத்தான் கியூபா தவிர பக்கத்துத் தீவுகளும் சேரும், பஹாமாஸும் அதுல வரும். இது அமெரிக்கா திரும்பி உள்ள விடறதுக்கான விதி. போற நாடு உங்களை உள்ள விடறது வேற விஷயம். மெக்சிகோ தர்ற சலுகை செல்லுபடியாகற அமெரிக்க விசாவுக்குத்தான், காலாவதியானதுக்கு இல்ல. அதனால ஸ்டாம்ப் முடிஞ்ச எச்-1பி பிள்ளைங்களே, ரெண்டு கப்பலும் இப்போதைக்கு வேண்டாம். அடுத்த தடவை ஊருக்கு வந்து, சென்னையில ஸ்டாம்ப் வாங்கிட்டு அப்புறம் பாத்துக்கலாம். அம்மா கப்பல்ல போகாட்டி ஒண்ணும் ஆயிடாது. நீங்க அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா வேலையும் வீடும் என்ன ஆகும்?

இன்னொண்ணு. கப்பல்லேர்ந்து திரும்பினதும் ஐ-94-ஐ இணையத்துல எடுத்துப் பாருங்க. பாஸ்போர்ட் சீக்கிரம் முடியற மாதிரி இருந்தா, விசா இன்னும் ரெண்டு வருஷம் இருந்தாலும், ஐ-94-ஐ பாஸ்போர்ட் முடியற தேதியோட நிறுத்திடுவாங்க. அதைக் கவனிக்காம விட்டவங்களை எனக்குத் தெரியும். அப்பா அம்மாவுக்கும் சொல்லி வைங்க, அஞ்சு நாள் கப்பல்ல போய்ட்டு வந்தா புதுசா ஆறு மாசம் கிடைச்சிடும்னு கணக்கு போடக் கூடாது.

பேப்பர் முடிஞ்சுது. இப்ப முட்டி.

2022 டிசம்பர்ல அம்மாவை எலேஷன்ல கூட்டிட்டுப் போனேன். அப்பா இல்லாம அம்மா போன முதல் பயணம், ஒரு மாறுதலா இருக்கட்டுமேன்னு. ஜாக்சன்வில்ல கப்பல் செயின்ட் ஜான்ஸ் ஆத்துல நிக்கும். டேம்ஸ் பாயின்ட் பாலத்துக்கு அடியில நுழைஞ்சு, கொஞ்ச நேரத்துல அட்லாண்டிக் வந்துடும். அப்புறம் ராத்திரி பூரா ஆட்டம். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில வடக்குக் காத்து அடிச்சா அந்தப் பக்கம் அப்படித்தான். மேல்தளத்துல ஸ்வெட்டர் இல்லாம நிக்க முடியல. வேலூர் வெயில்ல வளர்ந்த உடம்பு, அம்மா போர்வையை விட்டு வெளியவே வரல.

அப்புறம் பஹாமாஸ்ல ஹாஃப் மூன் கே தீவு. அப்ப கப்பல் கரைக்குப் போகல, தூரத்துல நின்னுச்சு. சின்னப் படகுல மாறிப் போக வேண்டியிருந்துச்சு. கப்பல் கதவுகிட்ட ரெண்டு ஆள் நின்னு ஒவ்வொருத்தரையும் முழங்கையைப் பிடிச்சு இறக்கிவிட்டாங்க. படகு ஒரு சாண் மேல வருது, ஒரு சாண் கீழ போகுது. மேல வர்ற நேரம் பாத்து காலை வைக்கணும். அம்மா செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, ஒரு காலைத் தூக்கினாங்க. திரும்பக் கீழ வெச்சுட்டாங்க. "நீ போய்ட்டு வாம்மா, நான் இங்கயே குந்திக்கினு கீறேன்"னாங்க. பின்னாடி வரிசை நிக்குது. ரெண்டு பேரும் மேல வந்துட்டோம். அந்த வெள்ளை மணலை நாள் பூரா ஜன்னல் வழியா பாத்தோம். பஹாமாஸ் தலைநகர் நாசாவுல பிரச்சினை இல்ல, கப்பல் ஒட்டி நிக்கற மேடைப் பாலத்துல நேரா இறங்கி நடந்தோம்.

அதனால எந்த நாள் எந்த இடத்துல நிக்குதுன்னு மட்டும் பாக்காதீங்க. கப்பல் கரையைத் தொடுமா, படகுல மாறணுமான்னு பாருங்க. டாம்பா கப்பல்லயும் அஞ்சு ராத்திரிப் பயணம்னா சில தடவை கிராண்ட் கேமன் சேரும். அங்கயும் படகுதான். நாலு ராத்திரி, கோசுமெல் மட்டும்னா நேரா மேடைப் பாலத்துல இறங்கலாம். மிச்ச ரெண்டு நாள் முழுசா கடல். வயசானவங்களுக்கு அது வீண் இல்ல, அதுதான் ஓய்வு.

2018 பிப்ரவரியில அப்பா அம்மா ரெண்டு பேரோட பாரடைஸ்ல போனது அந்த நாலு ராத்திரிதான். டாம்பா துறைமுகம் விரிகுடாவுக்கு ரொம்ப உள்ள இருக்கு. திறந்த கடல் வர்றதுக்கு மூணு நாலு மணி நேரம் ஆகும். அது வரைக்கும் நம்ம கோட்டை அகழித் தண்ணி மாதிரி அலை இல்லாத தண்ணி. கப்பல் பழகறதுக்கு வயித்துக்கு நேரம் கிடைக்குது. அதைத் தாண்டி மெக்சிகோ வளைகுடாவுலயும் காத்து அடிச்சா ஆடும், அதை மறைக்கல. ஆனா அம்மா அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜைக்குத் தானே நடந்து வந்தாங்க.

கிளம்பின அன்னிக்கு, இருட்டறதுக்கு முன்னாடி, சன்ஷைன் ஸ்கைவே பாலம் வரும். மஞ்சள் கம்பி கட்டின பெரிய பாலம். அப்பா ராணிப்பேட்டை பெல்-ல 31 வருஷம் வேலை பாத்தவரு, இரும்பைக் கண்டா நின்னுடுவாரு. புகைபோக்கி பாலத்துல இடிக்கற மாதிரியே இருந்துச்சு. கைப்பிடியைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்தவரு, தாண்டினதும்தான் மூச்சு விட்டாரு. "எத்தினி அடிம்மா உட்டிருக்கான்?"னாரு. தண்ணிக்கும் பாலத்துக்கும் நடுவுல 180 அடின்னு சொன்னேன். 1980 மே மாசம் புயல்ல ஒரு சரக்குக் கப்பல் மோதி பழைய பாலம் விழுந்து 35 பேர் செத்துட்டாங்க, அப்புறம் 1987-ல திறந்த பாலம் இதுன்னதும், தூண் பக்கத்துல இருந்த தடுப்புகளை ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டு நின்னாரு. இப்ப வர்ற பெரிய பெரிய கப்பல் எல்லாம் அந்த உயரத்துக்குள்ள நுழைய முடியாது. அதனாலதான் இந்த மாதிரி சின்ன, பழைய கப்பல் அங்க ஓடுது. ஜாக்சன்வில் கதையும் அதேதான், பாலம் உயரம் பத்தாது.

டாம்பாவுக்கு ஒரு குறை இருக்கு. ஜனவரி, பிப்ரவரியில விரிகுடாவுல மூடுபனி இறங்கினா துறைமுகத்தையே மூடிடுவாங்க. எங்களுக்குத் திரும்பற அன்னிக்கு அப்படி ஆச்சு, மத்தியானத்துக்கு மேலதான் இறங்கினோம். கார்ல போனதால அட்லாண்டா சேரும்போது நடுராத்திரி ஆச்சு, அவ்வளவுதான். அன்னிக்கே விமானம் போட்டிருந்தா அது போயிருக்கும். அட்லாண்டாவுலேர்ந்து ஜாக்சன்வில் சுமார் 350 மைல், டாம்பா சுமார் 455 மைல். ரெண்டுல எதுவானாலும் முந்தின நாளே போய் ராத்திரி தங்கிடுங்க. வழியில டயர் பஞ்சரானா கப்பல் நிக்காது. அந்தத் தங்கற செலவு, கார் நிறுத்தற காசு, துறைமுக வரி, ஆளுக்கு நாளுக்கு டிப்ஸ் (2023-லயே 16 டாலர்) எல்லாத்தையும் சேர்த்துட்டு அப்புறம் ரெண்டு விலையையும் ஒப்பிடுங்க. அந்த அறுபது டாலர் எங்க போச்சுன்னே தெரியாது.

ஒரே அறையில நாலு பேர் படுத்தா மலிவுன்னு நினைக்காதீங்க. மூணாவது, நாலாவது படுக்கை சுவத்துல மாட்டினது, ஏணி வெச்சு ஏறணும். அப்பா அம்மாவுக்குத் தனி அறை, கீழ்த்தளத்துல, கப்பலோட நடுப்பகுதியில எடுங்க. ஆட்டம் அங்கதான் குறைவு. ஜன்னல் இல்லாட்டியும் பரவாயில்ல.

நம்ம அம்மாங்க மூட்டை கட்டும்போது பக்கத்துல நில்லுங்க. குட்டி ரைஸ் குக்கர், கெட்டில், தண்ணி சுட வைக்கிற கம்பி, எதையும் உள்ள விட மாட்டாங்க, வாங்கி வெச்சுடுவாங்க. புளியோதரை கட்டிக்கிட்டுப் போறதும் ஆகாது. சமைச்ச சாப்பாடு கூடாது, கடையில வாங்கிப் பிரிக்காத பாக்கெட் ஆகும். முதல் நாளே சாப்பாட்டு அறையில தலைமைப் பரிமாறுபவர்கிட்ட இந்திய சைவ சாப்பாடு வேணும்னு சொல்லிடுங்க. கார்னிவல்ல ராத்திரி சாப்பாட்டுக்குக் கேட்டா செஞ்சு தருவாங்க. சப்பாத்தி, பருப்பு, காய், சாதம் வந்துச்சு. ரசம் மட்டும் வரல, அம்மா நாலு நாளும் கேட்டாங்க.

மாத்திரை விஷயத்துல நான் செஞ்ச தப்பை நீங்க செய்யாதீங்க. அப்பாவோட பிரஷர் மாத்திரை, நெஞ்சு மாத்திரை எல்லாத்தையும் பெரிய பெட்டியில வெச்சேன். அந்தப் பெட்டியைத் துறைமுகத்துலயே வாங்கிக்கிட்டு அப்புறம்தான் அறைக்கு அனுப்புவாங்க. சாயங்காலம் ஏழரை வரைக்கும் வரல. நான் நடைபாதையிலயே உக்காந்திருந்தேன், அப்பா உள்ள அமைதியாதான் இருந்தாரு. மாத்திரை, டாக்டர் சீட்டு, பாஸ்போர்ட், மூணும் தோள்ல மாட்டற பையிலதான் இருக்கணும். சி.எம்.சி-யில ஸ்டென்ட் வெச்சிருந்தா டிஸ்சார்ஜ் தாளோட நகலும் சேர்த்து வைங்க. வாந்தி மாத்திரையை இங்க இருக்கும்போதே டாக்டரைக் கேட்டு வாங்கிக்கோங்க, சிலது வயசானவங்களுக்குத் தூக்கம் தூக்கமா வரும், தள்ளாடும். கப்பல் டாக்டரைப் பாத்தா கட்டணம் தனி. பெத்தவங்களுக்கு எடுக்கற விசிட்டர் இன்ஷூரன்ஸ் கடல்ல இருக்கும்போதும் செல்லுமா, பழைய நோய்க்குச் செல்லுமான்னு பாலிசியைப் படிச்சுப் பாருங்க.

ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்கும் புயல் காலம், அப்ப விலை இறங்கும். நீங்க ரெண்டு பேர் மட்டும் போறதுன்னா போங்க. பெத்தவங்களோட வேண்டாம்.

அண்ணனுக்கு என்ன சொன்னேன்னா: மகன், மருமகள் ரெண்டு பேர் ஸ்டாம்ப்பும் 2027 வரைக்கும் இருக்கு. அண்ணிக்கு இடது முட்டி தேய்ஞ்சு, எங்க வீட்டு ரெண்டு படியையே சுவத்தைப் பிடிச்சுத்தான் ஏறறாங்க. அதனால டாம்பா, நாலு ராத்திரி, கோசுமெல் மட்டும். பஹாமாஸ் வேண்டாம். மகன் மட்டும் மனைவியோட போறதா இருந்தா ஜாக்சன்வில்லே போன்னு சொல்லியிருப்பேன். 100 மைல் தூரம் கம்மி, அந்தத் தீவு மணலும் அவ்வளவு அழகு.

அண்ணன் அப்பவே மகனுக்கு போன் போட்டாரு. "டேய், அறுபது ரூபா பாக்காத, உங்கம்மா முட்டியைப் பாரு"ன்னாரு. அது டாலர்னு அண்ணி பக்கத்துலேர்ந்து திருத்தினாங்க. இன்னிக்குக் காலையில ரெண்டு பேரும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு வந்திருந்தாங்க. அண்ணனோடது அடுத்த ஜூன்ல முடியுது. பிப்ரவரியில போனா நாலு மாசம்தான் மிச்சம், ஐ-94-ஐ அதோட நிறுத்திடுவாங்க. புதுப்பிக்க விண்ணப்பம் போடறதுக்கு நாளைக்கு அவரைக் கூட்டிட்டுப் போறேன்.